வெள்ளிக்கிழமைச் சிரிப்பு

நீங்கள் இன்று திரையைப் பார்த்துத் தனியாகச் செய்கிற மெய்ப்பு வேலையை நாங்கள் இருவராக அமர்ந்து வாயால் செய்தோம். ஒருவர் கைப்பிரதியை உரக்கப் படிப்பார்; மற்றவர் அச்சுப்படியில் விரலை ஓட்டிச் சரிபார்ப்பார். படிப்பவர் சொற்களோடு நிறுத்தக் குறிகளையும் சேர்த்தே சொல்ல வேண்டும். “அவன் வந்தான் கமா நின்றான் கமா ஒன்றும் பேசாமல் திரும்பினான் புள்ளி புதுப் பாரா” என்று அது போகும். மாடிப்படியில் காத்திருப்பவர்களுக்கு, உள்ளே யாரோ புரியாத ஒரு மந்திரத்தை ஓதுவதுபோல இருக்குமாம்.

சிதம்பரம் வடக்கு வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மாடியில் இரண்டு அறைகள்; அதுதான் எங்கள் பதிப்பகம். 2004இல் அங்கே பதிப்பாசிரியராகச் சேர்ந்தேன். 2012இல் ஓய்வு பெற்றேன். கீழே பைண்டிங் நடக்கும். அண்ணாமலை நகரிலிருந்து ஆய்வேடுகளைத் தூக்கிக்கொண்டு வரும் மாணவர்கள், கறுப்பு அட்டையில் பொன்னெழுத்து காயும்வரை படிக்கட்டிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அந்த வருமானத்தில்தான் எங்கள் முதலாளி கதைப் புத்தகங்களை வெளியிட்டார். “ஆய்வேடு சோறு மேடம், கதை ஊறுகாய்” என்பார். ஊறுகாய் இல்லாமல் அவருக்கு ஒரு வேளையும் இறங்காது என்பதைச் சேர்ந்த முதல் மாதத்திலேயே கண்டுகொண்டேன். காய்ச்சிய பசையின் வாசனையும், மாலையில் சந்துக்குள் வந்து சேரும் கோயில் மணியோசையும் இன்றும் எனக்கு வேலை நேரத்தின் அடையாளங்களாகவே இருக்கின்றன.

அந்த ஆண்டுகளில் எங்களுக்கு வந்த கைப்பிரதிகளில் பல, ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவர்களைப் பற்றியவை. கரும்பு வெட்டப் போனவர்கள், சிங்கப்பூரில் கட்டட வேலைக்குப் போனவர்கள், வளைகுடாப் பாலைவனத்தில் குழாய் பதிக்கப் போனவர்கள். எழுதியவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய தம்பிகள், பிள்ளைகள், அல்லது திரும்பி வந்த அவர்களே. ஆனால் கதைகளில் தனிமைக்கு ஒரே உருவம்தான் இருந்தது. கனவோடு ஒருவன் விமானம் ஏறுவான், ஏஜெண்ட் ஏமாற்றியிருப்பான், பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், கடைசிப் பக்கத்தில் ஒரு சவப்பெட்டி வந்து இறங்கும். பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பெட்டிகள் வந்தன, பரங்கிப்பேட்டையிலும் பண்ருட்டியிலும் அவை வந்து இறங்கிய வீடுகளை எனக்குத் தெரியும். ஆயினும் அத்தகைய பிரதிகளை வரிசையாகப் படித்து முடித்தபின், ஒருவனையும் இன்னொருவனிடமிருந்து பிரித்தறிய முடியாமல் போய்விடும். அழுகையில் எல்லோரும் ஒன்றுபோலத் தெரிந்தார்கள்.

ஆகவே ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி எழுதி வைப்பேன்: ‘இவர் எதற்குச் சிரிப்பார்?’ பலருக்கு அது பிடிக்கவில்லை. கடலூரிலிருந்து வந்த ஓர் இளைஞர், “பட்டினி கெடக்குறவன் எதுக்கு மேடம் சிரிக்கணும்?” என்று கேட்டுப் பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். அவர் கோபத்திலும் நியாயம் இருந்தது. அந்தக் கேள்விக்குச் சரியான விடையை எனக்குத் தந்தவர் தனவேல்.

தனவேல் திருவதிகைக்காரர். வளைகுடாவில் பல வருடம், நடுவில் ஒரு விடுமுறைக்கு மட்டும் ஊருக்கு வந்துபோய், கட்டடக் கூலியாக இருந்துவிட்டுத் திரும்பியவர். பண்ருட்டி பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு போட்டோ ஸ்டூடியோ வைக்க வேண்டும் என்பதுதான் அவர் விமானம் ஏறியபோது கொண்டுபோன ஆசை. “நான் திரும்பி வந்து பாத்தா எல்லார் கையிலயும் செல்போன் மேடம். அதுக்குள்ள கேமரா. எம் பொண்டாட்டி வேல செய்யுற எடத்துல கொட்டை ஒடைக்கிற பாட்டிகூட ஒண்ணு வச்சிருக்கு” என்று முதல் நாளே சொன்னார். சொல்லும்போது வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. வேறு யாருடைய கதையையோ சொல்வதுபோலச் சொன்னார். அப்போது ஒரு முந்திரி ஆலையில் காவலாளியாக இருந்தார். அவர் மனைவி அஞ்சலைக்கும் அதே ஆலையில்தான் வேலை.

அவருடைய நாவலின் பெயர் ‘ஒண்டி’. கலியன் என்ற கூலியாள் பாலைவன முகாமில் கழித்த ஆண்டுகளை அவனே சொல்கிற கதை. வாக்கியங்கள் கரடுமுரடாக இருந்தன. ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு பொருளாவது கையில் தட்டுப்பட்டது. எங்களிடம் உரக்கப் படிக்க ஆள் இல்லாத காலம் அது. தனவேலே ஓய்வு நாட்களில் பேருந்தேறி வந்து தம் பிரதியைப் படித்தார், நான் சரிபார்த்தேன். கமாவையும் புள்ளியையும் ஒரே நாளில் பழகிக்கொண்டார். உணர்ச்சி எதுவும் இல்லாமல், ரயில் நிலைய அறிவிப்புப் போலப் படிப்பார். அதுதான் எங்களுக்கு வேண்டியதும்.

இனி, அந்த விடை கிடைத்த பிற்பகல். மின்வெட்டு மிகுந்த ஒரு கோடை. புத்தகக் கண்காட்சிக்கு நூல் போய்ச் சேர வேண்டுமென்றால், மறுநாள் காலை புதுச்சேரி அச்சகத்துக்குப் பக்கங்கள் போயாக வேண்டும். அந்த நேரத்தில் பக்கக் கணக்கு இடித்தது. பதினாறு பக்கம் கொண்டது ஒரு பாரம் என்பது உங்களுக்குத் தெரியும். நாவல் கடைசிப் பாரத்தைத் தாண்டி நான்கு பக்கம் வழிந்திருந்தது.

“இது நாவலா, ரப்பரா மேடம்? இழுத்துக்கிட்டே போவுது” என்றார் முதலாளி. “நாலு பக்கத்துக்காக இன்னொரு பாரம் போட்டு, மீதிய வெள்ளையா உடச் சொல்றீங்களா?”

எதை எடுப்பது என்பதற்கும் அவரிடமே விடை இருந்தது. அணிந்துரை எழுதித் தந்த பேராசிரியர், ‘வெள்ளிக்கிழமை’ என்ற அத்தியாயம் வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். இவ்வளவு துயரத்துக்கு நடுவே அறை முழுவதும் சிரிப்பது பொருந்தவில்லை, வாசகரின் கண்ணீர் காய்ந்துவிடும் என்பது அவர் கருத்து. அந்த அத்தியாயம் சரியாக நான்கு பக்கம்.

“அவரே சொல்லிட்டாரு இல்ல? எடுத்துடுங்க. கரண்டு வந்ததும் பைலை முடிச்சிடலாம்” என்று சொல்லிவிட்டு முதலாளி கீழே போனார்.

தனவேல் வந்தபோது விஷயத்தைச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. “எடுத்துடுங்க மேடம். படிச்சவுங்க சொல்றாங்க” என்றார். ஆனால் கையிலிருந்த பிரதியை மேசையில் வைக்காமல் மார்போடு அணைத்தபடியே நின்றார்.

அன்று அவருடன் அஞ்சலையும் வந்திருந்தார். முழங்கால் வலிக்கு அண்ணாமலை நகர் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு, ஊர் திரும்பும் வழியில். முந்திரிக்கொட்டைத் தோலின் பாலில் கறுத்த விரல்நுனிகளால் சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்தார்.

“முட்டிக்கு வைத்தியம் பாக்க இட்டாந்தவள மாடி ஏத்துறாரு பாருங்கம்மா” என்றார் என்னிடம். பிறகு சன்னலோர பெஞ்சில், கணவருக்கு முதுகைக் காட்டி அமர்ந்தார். “சாயங்காலம் பஸ்ஸுல எடம் கெடைக்குமான்னு அவுரக் கேளுங்க.”

“கெடைக்கும்னு சொல்லுங்க மேடம்” என்றார் தனவேல்.

“நின்னுகிட்டு வர முடியாதுன்னு சொல்லுங்கம்மா.”

“கண்டக்டருகிட்ட சொல்லி ஒக்கார வைக்கிறேன்னு சொல்லுங்க.”

இருவருக்கும் இடையில் ஐந்தடிகூட இல்லை. தாம் ஊர் திரும்பிய நாளிலிருந்து இப்படித்தான் என்று தனவேல் எப்போதோ சொல்லியிருந்தார். அஞ்சலை சமைத்து வைப்பார், துணி துவைத்துப் போடுவார், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைப்பார். நேராக ஒரு சொல் பேச மாட்டார். ஏன் என்று நான் கேட்டதில்லை. திரும்பி வந்தவருக்கு ஸ்டூடியோ இல்லாமற்போனதைவிட இந்த மௌனம்தான் பெரிய இழப்பு என்பது மட்டும் பார்த்தாலே தெரிந்தது.

“புக்கு பேரு இன்னாம்மா?” என்று அஞ்சலை கேட்டார்.

சொன்னேன்.

“ஒண்டியா கெடந்தது நானு. புக்கு அவுருக்கு.” சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். “அங்க தெனம் கல்யாண ஊடுதாம்மா. வெள்ளிக்கெழம போன் வரும். பக்கத்து ஊட்டுக்கு ஓடுவேன். காதுல வச்சா பின்னால ஒரே சிரிப்பு, கும்மாளம். நானும் இருக்கட்டும், ஆம்பளைங்க நாலு பேரு கூடுனா அப்பிடித்தான்னு உட்டுட்டேன். ஒருநாளு ஒரு சேதி சொன்னேன். ஆஸ்பத்திரியிலேந்து வந்து நேரா போய்ச் சொன்னேன். அப்பவும் சிரிச்சானுங்க. அதுக்கு முன்னால சிரிச்சதுக்கும் மேல சிரிச்சானுங்க. அன்னிக்கி வச்சதுதாம்மா போனு.”

எடுக்கப்போகிற அந்த நான்கு பக்கத்தை நான் படித்திருந்தேன். தனவேலைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்தது இன்னதென்று அஞ்சலையிடம் நானே சொல்லியிருக்கலாம். இரண்டு வாக்கியம் போதும். ஆனால் அது என்னுடைய செய்தி இல்லை. எழுதியவர் ஒருவர் இருக்கும்போது, பதிப்பாசிரியர் கதையைச் சுருக்கிச் சொல்வது முறையும் இல்லை. மின்சாரம் வருவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்பது மட்டும் புரிந்தது.

எங்கள் மேசையில் ஒரு வழக்கம் இருந்தது. எதை நீக்குவதானாலும், நீக்குமுன் ஒருமுறை அதை உரக்கப் படித்துவிட வேண்டும். கண் தாண்டிப்போவதைக் காது பிடித்துவிடும் என்ற அனுபவத்தில் வந்த வழக்கம்.

“வெள்ளிக்கிழமையைப் படியுங்கள், தனவேல்” என்றேன்.

“அதான் எடுக்கப் போறீங்களே, மேடம்.”

“எடுப்பதற்கு முன் படிக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாதா?”

அவர் மனைவியின் முதுகைப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து தாழ்ந்த குரலில், “அங்க அறையில நடக்குறத ஊட்டுல சொல்லக் கூடாதுன்னு கையில அடிச்சிச் சத்தியம் பண்ணியிருக்கோம்” என்றார். “அதுவுமில்லாம, இப்ப சொன்னா சாக்கு சொல்றேம்பா.”

“நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். கலியனைப் பற்றிப் படியுங்கள்.”

அவர் எதிர் நாற்காலியில் அமர்ந்து, பக்கத்தைத் தேடி எடுத்து, அந்த ரயில் நிலையக் குரலில் தொடங்கினார்.

“அறைக்கு ஒரே ஒரு செல்போன்தான் இருந்தது புள்ளி வெள்ளிக்கிழமை சோற்றுக்குப் பிறகு முறை வைத்துப் பேசுவோம் புள்ளி அறையின் மூத்த ஆள் ஒரு சட்டம் போட்டிருந்தார் புள்ளி எவன் வீட்டோடு பேசினாலும் கமா மற்ற ஏழு பேரும் பின்னால் நின்று சிரிக்க வேண்டும் புள்ளி ஊரில் இருப்பவர்கள் கமா நம்ம ஆள் நல்லா இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்க வேண்டும் புள்ளி புதுப் பாரா.”

அஞ்சலை திரும்பவில்லை. ஆனால் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

“பேசுகிறவனுக்கு அழுகை வந்துவிட்டால் கையைத் தூக்க வேண்டும் புள்ளி அதுதான் சைகை புள்ளி அவன் குரல் உடைவது வீட்டுக்குக் கேட்காமல் இருக்க கமா மற்றவர்கள் இன்னும் உரக்கச் சிரிப்பார்கள் புள்ளி சிரிக்க விஷயம் இல்லாதபோது ஒருவன் தகரத் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடுவான் புள்ளி கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு சிரித்தவனும் உண்டு புள்ளி அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை புள்ளி புதுப் பாரா.”

அடுத்த பாராவில் கலியன் பேச வேண்டிய முறை. மறுமுனையில் அவன் மனைவி, தன் தாய் இறந்த செய்தியைச் சொல்கிறாள். தனவேலின் குரல் மாறவில்லை. ஆனால் கமாவும் புள்ளியும் அவர் வாயிலிருந்து உதிர்ந்துபோயின. அவர் அதைக் கவனிக்கவில்லை. நான் திருத்தவில்லை.

“நிறுத்துங்கடா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையைத் தூக்கினேன். அவர்கள் அதை எப்போதும் போலப் புரிந்துகொண்டார்கள். ஏழு பேரும் தங்களால் முடிந்த மட்டும் சிரித்தார்கள். எனக்காகத்தான் சிரித்தார்கள். தூக்கிய கையை எப்படி இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. சிரிப்பா இருக்கா உங்களுக்கு என்று அவள் கேட்டாள். போன் வைக்கப்பட்டது. கை அப்படியே இருந்தது.”

படிப்பு நின்றது. கீழே பைண்டிங் அறையில் யாரோ காகிதக் கட்டைத் தட்டிச் சமன் செய்யும் ஓசை மட்டும் கேட்டது.

அஞ்சலை மெல்ல உடம்பைத் திருப்பிக் கணவரைப் பார்த்தார்.

“கையத் தூக்குனியா?”

என்னிடம் கேட்கவில்லை. அதைப் புரிந்துகொள்ளத் தனவேலுக்கும் எனக்கும் ஒரு கணம் ஆயிற்று.

“தூக்குனேன்.”

“நிறுத்தச் சொல்லியா?”

“ஆமா.”

“அதுக்குத்தான் ஜாஸ்தியா சிரிச்சானுங்களா?”

“ஆமா. அவனுங்க மேல தப்பு இல்ல, அஞ்சல.”

அஞ்சலை என் பக்கம் திரும்பினார். “எங்கம்மா சாவலம்மா. கல்லு மாதிரி இருக்குறா. நேத்துகூட மரவள்ளிக் கெழங்கு வேவச்சித் தின்னா.” மடியில் ஒரு கை போய்ப் படிந்தது. “போனது வேற. வயித்துல இருந்தது.”

தனவேல், “அத எழுத எனக்குக் கை வரல” என்றார்.

“எங்கம்மாவ சாவடிக்க மட்டும் கை வந்துதா?”

அஞ்சலை முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தார். பெஞ்சின் முனைக்கு, மேசைக்கு அருகே நகர்ந்து உட்கார்ந்தார்.

“மேல படி” என்றார்.

தனவேல் பிரதியைக் கையில் எடுத்தார். “புள்ளி” என்றார். “புதுப் பாரா.”

மின்சாரம் வந்தபோது முதலாளியும் மேலே வந்தார். “எடுத்தாச்சா மேடம்?”

“எடுத்தாச்சு” என்றேன். “அணிந்துரையை.”

“ப்ரொபசர் எழுதுனதையா? அவரு டிபார்ட்மெண்டு தீசிஸ் பூரா நம்மகிட்டதான் மேடம் வருது.”

“அதுவும் நான்கு பக்கம்தான். கச்சிதமாகப் பொருந்துகிறது. நாவலில் ஒரு வரிகூடக் குறையாது.”

முதலாளி பதில் சொல்ல வாயெடுத்தார். அப்போது அஞ்சலை, “இந்தா, குடி” என்று தம் தண்ணீர்ப் பாட்டிலைத் தனவேலிடம் நீட்டினார். அந்தத் தம்பதி பேசிக்கொள்ள மாட்டார்கள் என்பதை முதலாளியும் அறிவார். அவர்களை மாறி மாறிப் பார்த்தார். என்னையும் பார்த்தார். “சரி. அவரு கால்ல நான் உழுந்துக்குறேன்” என்று சொல்லிவிட்டுக் கணினியைப் போட்டார். அந்த ஆண்டு அந்தத் துறையின் ஆய்வேடுகள் வேறொரு சந்துக்குப் போயின. சோறு கொஞ்சம் குறைந்தது. அதைப் பற்றி அவர் ஒருநாளும் என்னிடம் குறை சொன்னதில்லை.

படி இறங்கும்போது தனவேல் பின்தங்கி நின்று, “சட்டத்த ஒடச்சிட்டேன் மேடம்” என்றார். “நீங்கள் கதைதானே படித்தீர்கள்” என்றேன். அவருக்கு அது ஆறுதலாக இருந்ததா என்று தெரியவில்லை. கீழேயிருந்து அஞ்சலையின் குரல் கேட்டது: “வரியா, இல்ல மாடியிலயே கெடக்கப் போறியா?”

நீங்கள் இதிலிருந்து ஒரு விதியை உருவாக்கிக்கொள்ள வேண்டாம். நாம் காப்பாற்றும் எல்லாப் பக்கங்களுக்கும் இப்படி ஒரு பெஞ்சும், அதில் அமர்ந்து கேட்க ஓர் ஆளும் அமைவதில்லை. பெரும்பாலும் அவை யாரைச் சென்று சேர்ந்தன என்பதே நமக்குத் தெரியாது. ஆனால் ஏழை ஒருவர் தம் தனிமையை எழுதி உங்களிடம் கொடுக்கும்போது, எந்தப் பகுதி அங்கே பொருந்தாமல் நிற்கிறதோ, அங்கே கொஞ்சம் நின்று கேளுங்கள். தம் வாயால் வீட்டில் சொல்ல முடியாததை அவர் கலியன் பெயரில் அங்கேதான் வைத்திருக்கக்கூடும். அழகாக அழுகிற பக்கங்களை எவரும் எழுதிவிடலாம். அந்தத் தகரத் தட்டை, அறையில் இருந்தவர் மட்டுமே எழுத முடியும்.

நூல் மெதுவாகத்தான் விற்றது. நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, கடலூரில் ஒரு வாசகர் கூட்டத்தார் தனவேலை அழைக்க விரும்பினார்கள். சொல்வதற்காக அவரைக் கைபேசியில் கூப்பிட்டேன். அவர் “சொல்லுங்க மேடம்” என்றதுமே பின்னால் ஒரு பெண் உரக்கச் சிரிப்பது கேட்டது. கூட்டத்தின் தேதியைச் சொன்னேன், சிரிப்பு நிற்கவில்லை. இடத்தைச் சொன்னேன், இன்னும் கூடியது.

“யாரு தனவேல், அங்கே?” என்று கேட்டேன்.

“அவதான் மேடம். நான் போன எடுத்தாலே இப்பிடித்தான் பண்றா. அறைச் சட்டமாம்.”

அந்தச் சிரிப்பு எவ்வளவு சட்டம், எவ்வளவு உண்மை என்று நான் கேட்கவில்லை. சொல்ல வந்த செய்தி முடிந்துவிட்டது. ஆனாலும் கைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன்.